குழந்தைகளின் மலச்சிக்கல்: வீட்டில் செய்யத் தக்கதும் தகாததும்

(சித்தூர் ரயில்வே குமாஸ்தா ஒருவர் எழுதியது)

நாலு பேர் கூடிய இடத்தில் வாய்விட்டுப் பேசக் கூசும் விஷயங்கள் சில உண்டு. வீட்டில் குழந்தை சரியாக வெளிக்குப் போகவில்லை என்பது அவற்றுள் ஒன்று. சங்கத்தின் மாத இதழில் இதைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சில அன்பர்கள் முகஞ் சுளிக்கக்கூடும். எனினும், இந்தச் சிறிய உபாதை ஒரு குடும்பத்தின் நிம்மதியை மாதக்கணக்கில் கெடுக்க வல்லது என்பதை என் வீட்டிலேயே கண்டவன் நான். நான் வைத்தியனல்லன், மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு, பார்சல் ஆபீசில் பேரேடு எழுதுகிறவன். ஆகவே, என் அனுபவத்தையும், அதன்பின் டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவற்றையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

சொந்த ஊரில் இருந்தால் இத்தகைய சமயங்களில் யோசனை சொல்லப் பாட்டி இருப்பாள். அடுத்த வீட்டு அத்தை இருப்பாள். பிழைப்பை நாடிச் சித்தூருக்கும் திருப்பதிக்கும் வந்து குடியேறிய நம்மைப் போன்ற குடும்பங்களில் தாயும் தந்தையும் தனித்து நிற்கிறார்கள். பாட்டியின் யோசனை தொலைபேசியில் வருகிறது. கடைக்காரரின் யோசனை தெலுங்கில் வருகிறது. இரண்டுக்கும் நடுவே குழந்தை அழுதுகொண்டிருக்கிறது.

என் மகனுக்கு நேர்ந்தது

மூன்று ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. அதுவரை என் மனைவியும் மகனும் சோளிங்கரில் மாமனார் வீட்டில் இருந்தனர். பையனுக்கு ஐந்து வயது நிரம்பியதும், பள்ளியில் சேர்ப்பதற்காக இருவரையும் சித்தூருக்கு அழைத்து வந்தேன். பள்ளி திறந்த இரண்டு மாதத்திற்குள் அவனுடைய வழக்கம் மாறிப்போயிற்று. தினந்தோறும் காலையில் வெளிக்குப் போனவன், ஐந்து நாளைக்கொரு முறை, ஆறு நாளைக்கொரு முறை போகலானான். போகும்போது அலறுவான். ஒரு முறை மலத்தின்மேல் இரத்தக் கீற்றும் தெரிந்தது. இடையில், கதவின் பின்னால் போய் நின்றுகொண்டு, கால்களைப் பின்னிக் குதிகாலை உயர்த்தி, முகம் சிவக்க முக்குவான். ‘பாவம், போக முயல்கிறான், வரவில்லை’ என்று நாங்கள் எண்ணினோம். எங்கள் முதல் தவறு இதுவே. அவன் போக முயலவில்லை, வருவதை அடக்கிக்கொண்டிருந்தான்.

இரண்டாவது தவறு என்னுடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்கள் பால்யத்தில் எங்களுக்குச் செய்தது போலவே, அவனைப் பிடித்து மூக்கை மூடி விளக்கெண்ணெய் புகட்டினேன். அன்று முழுவதும் வயிற்றுக் கடுப்பால் துடித்தான். நான்கைந்து முறை போயிற்று. மறுநாளிலிருந்து பழையபடி வயிறு கட்டிக்கொண்டது. முன்பு பயந்து அடக்கியவன், இப்போது இன்னும் பயந்து அடக்கினான்.

மூன்றாவது தவறுதான் பெரிது. சில நாளில் அவனுடைய உள்ளாடையில் தண்ணீராகக் கறைபடத் தொடங்கிற்று. பள்ளியிலிருந்தும் ஆள் அனுப்பி வீட்டுக்கு அழைத்துப் போகச் சொன்னார்கள். வயிற்றுப்போக்கு என்று நினைத்து, மருந்துக்கடையில் எனக்குத் தெரிந்த தெலுங்கில் ‘விரேசனாலு’ என்றேன். கடைக்காரர் பேதியை நிறுத்தும் மருந்தைக் கொடுத்தார். கேட்டது நான்; கொடுத்தது அவர். அதைக் கொடுத்த இரண்டே நாளில் வயிறு உப்பி, பையன் சோற்றைத் தொடவும் மறுத்தான். கறை மட்டும் நிற்கவில்லை. ‘இவ்வளவு பெரிய பிள்ளை, சொல்லத் தெரியாதா?’ என்று ஒரு நாள் ஆத்திரத்தில் அவனை அடித்தும்விட்டேன். அதை இன்றும் மறக்க முடியவில்லை.

மறுநாள் பாகாலா வழியாகத் திருப்பதிக்கு ரயிலேறி, ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டினோம். அந்த அம்மையார் பையனைப் படுக்கவைத்து வயிற்றின் இடது கீழ்ப் பக்கத்தை மெல்ல அழுத்திப் பார்த்தார். என் கையையும் பிடித்து அங்கே வைக்கச் செய்தார். உள்ளே கட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. ‘இது பேதியன்று; உள்ளே இறுகிக் கிடக்கும் மலத்தைச் சுற்றி வழியும் நீர். பையனுக்குத் தெரியாமலே வெளியே வந்துவிடுகிறது. அவன்மேல் குற்றமில்லை’ என்றார். பிறகு அவனிடம் தமிழிலேயே, ‘பள்ளிக்கூடத்தில் வெளிக்கு வந்தால் டீச்சரிடம் எப்படிக் கேட்பாய்?’ என்று கேட்டார். பையன் தலை குனிந்தான். அவனுக்குத் தெலுங்கில் அதைக் கேட்கத் தெரியவில்லை. தமிழில் கேட்ட முதல் நாள் மற்றப் பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். அன்று முதல் அவன் கேட்கவே இல்லை.

மலச்சிக்கலின் மூலம் வயிற்றில் இருக்கும் என்று தேடிக்கொண்டிருந்தோம்; அது ஒரு சொல் தெரியாமையில் இருந்தது.

மலச்சிக்கல் என்பது யாது?

தினமும் ஒரு முறை போகாவிட்டால் மலச்சிக்கல் என்று பலர் கருதுகின்றனர். இது சரியன்று. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் சிசு, முதல் ஒரு மாதம் கடந்தபின், சில வேளை ஒரு வாரம் வரை போகாமலிருக்கும். பிறகு மிருதுவாகப் போகும். குழந்தை நன்றாகப் பால் குடித்து, எடையும் ஏறி, வயிறு உப்பாமல் இருந்தால் அது நோயன்று. இன்னும் சில சிசுக்கள் பத்து நிமிஷம் முகஞ் சிவந்து முக்கி அழுது, பிறகு இளக்கமாகவே போகும். அதுவும் மலச்சிக்கலன்று, முக்குவதையும் தளர்த்துவதையும் ஒருசேரச் செய்ய அது இன்னும் பழகவில்லை என்பதே காரணம்.

வாரத்திற்கு இரண்டு முறையோ அதற்குக் குறைவாகவோ போவது, மலம் ஆட்டுப் புழுக்கை போலவோ கெட்டியான உருண்டையாகவோ இருப்பது, போகும்போது வலிப்பது, அடக்கிவைப்பது, பழகிய குழந்தை உள்ளாடையில் கறைபடுத்துவது ஆகிய குறிகளில் இரண்டேனும் ஒரு மாதம் நீடித்தால் அதுவே மலச்சிக்கல் என்று இன்றைய மருத்துவர்கள் வகுத்திருக்கிறார்கள். இவ்வாறு அவதிப்படும் குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் உறுப்புக் கோளாறு எதுவும் இருப்பதில்லை. அடக்கும் பழக்கமும் ஆகாரமுமே காரணம்.

அடக்குவதால் வரும் கேடு

பெருங்குடலின் வேலைகளுள் ஒன்று, கழிவிலுள்ள நீரை உறிஞ்சி உடலுக்குத் திருப்பித் தருவது. கழிவு எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவுக்கு நீர் வற்றி இறுகும். இறுகிய மலம் வெளிவரும்போது வலிக்கும். சில வேளை ஆசனவாய் கிழியும். வலித்த குழந்தை மறுமுறை அடக்கும். அடக்க அடக்க மலம் மேலும் இறுகும். நாளடைவில் மலக்குடல் விரிந்து, ‘வெளிக்கு வருகிறது’ என்ற உணர்ச்சியே மங்கிவிடும். அந்த நிலையில்தான் மேலிருந்து வரும் இளகிய கழிவு, இறுகிய கட்டியைச் சுற்றிக்கொண்டு வழிகிறது. பெற்றோர் இதைப் பேதி என்று எண்ணி ஏமாறுகின்றனர்.

இந்தச் சுழல் பெரும்பாலும் மூன்று பருவங்களில் தொடங்குகிறது. பாலிலிருந்து திட ஆகாரத்திற்கு மாறும்போது ஒன்று. கழிப்பறைப் பழக்கம் கற்பிக்கும்போது ஒன்று. பள்ளியில் சேரும்போது ஒன்று. ஊர் மாறுதலும் சேர்ந்துகொண்டால் கேட்க வேண்டுவதில்லை.

இயற்கை உந்துதலை அடக்கலாகாது என்பது நம் முன்னோர் அறிந்த விஷயமே. சித்த மருத்துவ நூல்கள் அடக்கத் தகாத 14 வேகங்களைக் கூறுகின்றன. அவற்றுள் மலமும் ஒன்று. ரயில்வேக்காரனாகிய எனக்கு இங்கே வேறொரு நினைவும் வருகிறது. 1909ஆம் ஆண்டில் ஓகில் சந்திர சென் என்ற வங்காளப் பிரயாணி, நடுவழி ஸ்டேஷனில் வெளிக்குப் போயிருந்த சமயம் ரயில் புறப்பட்டுவிட்டதாகவும், ஓடி வந்து விழுந்து பலர் முன்னே அவமானப்பட்டதாகவும் சாகேப்கஞ்சு ரயில்வே அதிகாரிக்கு ஒரு முறையீடு எழுதினார். சாதாரண வகுப்பு வண்டிகளில் கழிப்பறை வந்ததற்கு அந்தக் கடிதமே காரணம் என்று சொல்லுவார்கள். அக்கடிதம் தில்லி ரயில்வே அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. வளர்ந்த மனிதருக்கே அடக்க முடியாமல் கம்பெனிக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது என்றால், ஐந்து வயதுப் பாலகன் யாருக்கு எழுதுவான்?

முதல் மருந்து: உட்காரும் பழக்கம்

வீட்டு வைத்தியத்தில் முதலிடம் பெற வேண்டியது மருந்தோ ஆகாரமோ அன்று, பழக்கமே. உணவு வயிற்றில் இறங்கியதும் பெருங்குடல் தானே அசையத் தொடங்கும். ஆகையால் காலை உணவுக்குப் பிறகும் இரவு உணவுக்குப் பிறகும், ஒவ்வொரு முறையும் 5 முதல் 10 நிமிஷம் குழந்தையை உட்காரவைக்க வேண்டும். வந்தாலும் வராவிட்டாலும் எழுந்துவிடலாம். இரண்டு வயது நிரம்பாத குழந்தையை இதற்காக வற்புறுத்தலாகாது.

குந்தி உட்காருவதற்கேற்ற நம் நாட்டுக் கழிப்பறையே இதற்கு நல்லது. நாற்காலி போன்ற மேல்நாட்டுக் கழிப்பறையாயின், குழந்தையின் கால்கள் அந்தரத்தில் தொங்கக் கூடாது. கால்களுக்கடியில் ஒரு பலகையோ முக்காலியோ வைத்து, முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயர்ந்திருக்கும்படி செய்ய வேண்டும். ஊன்றுவதற்குத் தரை இல்லாமல் முக்க முடியாது.

காலையில் அவசரப்படுத்துவதைப் போன்ற கேடு வேறில்லை. எங்கள் வீட்டில் பள்ளி வண்டி எட்டு மணிக்கு வரும். பையன் ஏழேகாலுக்கு எழுவான். அவனை அரை மணி முன்னதாக எழுப்பத் தொடங்கிய பிறகுதான் பாதிச் சிக்கல் அவிழ்ந்தது. சுவரில் தொங்கும் காலண்டரில் அவன் போன நாட்களுக்கு அவனையே ஒரு நட்சத்திரம் போடச் சொன்னோம். உட்கார்ந்ததற்கே பாராட்டு; போனால் இரட்டைப் பாராட்டு. கறைபட்டால் ஏசுவதில்லை, அடிப்பதில்லை, மற்றப் பிள்ளைகளின் முன் பேசுவதில்லை என்று நானும் என் மனைவியும் உறுதி எடுத்துக்கொண்டோம். அந்தக் காலண்டர், டாக்டரிடம் காட்டுவதற்கும் நல்ல கணக்குப் புத்தகமாக உதவிற்று.

ஆகாரம்

நார்ச்சத்து நீரைப் பிடித்துவைத்து மலத்தை இளக்கமாக்கிப் பெருகச் செய்கிறது. உகாண்டா நாட்டில் பல ஆண்டுகள் பணியாற்றிய டெனிஸ் பர்க்கிட் என்ற அயர்லாந்து அறுவை மருத்துவர், 1972இல் தம் தோழர்களோடு ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். கிழங்கும் தானியமும் உண்ட ஆப்பிரிக்கக் கிராமத்தாருக்கு, உண்ட உணவு ஏறக்குறைய ஒன்றரை நாளில் வெளிப்பட்டது. தீட்டிய மாவுப் பண்டங்களை உண்ட ஆங்கிலக் கடற்படையினருக்கு மூன்றரை நாள் ஆயிற்று.

நம் வீட்டுக் கணக்கு எப்படி? 1918இல் மக்காரிசன் என்ற அயர்லாந்து மருத்துவர் நீலகிரிக் குன்னூரில் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய சிறிய பரிசோதனைச் சாலையே, 1958இல் ஐதராபாத்துக்குக் குடிபெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிலையமாக விளங்குகிறது. நம்மைப் போலவே தமிழ்நாட்டிலிருந்து தெலுங்கு நாட்டுக்கு வந்த நிலையம் அது! அதன் 2017ஆம் ஆண்டு அட்டவணைப்படி, 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் நார் 3 கிராமுக்கும் குறைவு. அதே அளவு கேழ்வரகில் ஏறக்குறைய 11 கிராம். முழுப் பச்சைப் பயறில் 15 கிராமுக்கும் மேல். மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு, வயதோடு ஐந்தைக் கூட்டினால் வருவதே நாளொன்றுக்குக் குறைந்தபட்சம் வேண்டிய நார்ச்சத்தின் கிராம் என்று ஒரு சுலபமான கணக்கு உண்டு. ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பத்துக் கிராம்.

இதற்குச் சித்தூர் ஜில்லாவைப் போன்ற ஊர் வேறெது? இங்கத்தியக் குடியானவர்கள் உண்ணும் ராகிச் சங்கட்டி, நம் களியேதான். கீரைப் பப்பு, நம் கீரைக் கடையலுக்கு ஒன்றுவிட்ட தம்பி. இங்கே வந்தும் நாம் வெள்ளைச் சோறும் தயிருமாகவே பிள்ளைகளை வளர்த்துவிட்டு, பக்கத்து வீட்டாரின் சங்கட்டியை ஏளனமாகப் பார்ப்பது எவ்வளவு பேதைமை! வாரத்தில் மூன்று நாள் கேழ்வரகு அடையோ களியோ, தினம் ஒரு கீரை அல்லது அவரை, பீர்க்கை, முருங்கை போன்ற காய், தினம் ஒரு பழம் என்று வைத்துக்கொள்ளலாம். கொய்யாவும் பப்பாளியும் விலை குறைந்தவை. கொய்யாவில் 100 கிராமுக்கு 5 கிராமுக்குக் குறையாத நார் உண்டு. சந்தையில் கொய்யாவை ‘ஜாமகாய’ என்றும், பப்பாளியைப் ‘பொப்பாயி’ என்றும், முருங்கைக் கீரையை ‘முனகாகு’ என்றும் கேட்க வேண்டும். பழத்தைச் சாறு பிழிந்து வடிகட்டினால் நார் சக்கையோடு போய்விடும். கடித்துத் தின்பதே நலம். உலர்ந்த திராட்சையை இரவு ஊறவைத்து, காலையில் நசுக்கி அந்த நீரோடு கொடுப்பது தீங்கற்ற பழைய முறை. சிறு குழந்தைக்கு முழுத் திராட்சையைக் கொடுத்தால் தொண்டையில் சிக்கும். நசுக்கியே கொடுக்க வேண்டும்.

பாலைப் பற்றி ஒரு வார்த்தை. சோறு உண்ணாத பிள்ளைக்குப் பாலாவது போகட்டும் என்று நாளுக்கு நாலு தம்ளர் கொடுக்கும் தாய்மார் பலர். பாலில் நாரே இல்லை. பாலால் வயிறு நிறைந்த பிள்ளை காய்கறியைத் தொடாது. ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 மில்லி லிட்டருக்கு மேல் பால் வேண்டுவதில்லை. பிஸ்கட், ரஸ்க், மைதாப் பண்டங்கள், பொட்டலத்தில் விற்கும் வறுவல் ஆகியவற்றையும் குறைக்க வேண்டும்.

தண்ணீர் போதுமான அளவு அவசியம். சித்தூர் வெயிலில் பள்ளிக்குக் கொடுத்தனுப்பிய பாட்டில் அப்படியே திரும்பி வருகிறதா என்று தினமும் பாருங்கள். கழிப்பறைக்குப் போக அஞ்சித் தண்ணீரே குடிக்காத பிள்ளைகள் உண்டு. ஆயினும், குடம் குடமாகக் குடிக்கச் செய்வதால் மட்டும் மலச்சிக்கல் தீர்ந்துவிடாது. அதேபோல, உள்ளே ஏற்கெனவே இறுகிப்போன மலத்தை ஆகாரத்தால் மட்டும் கரைக்கவும் இயலாது. அங்கே மருந்து வேண்டும்.

கைக்குழந்தைகளுக்கு

ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீரும் வேண்டா. புட்டிப்பால் கொடுக்க நேர்ந்தவர்கள், டப்பாவில் சொல்லியிருப்பதற்கு மேல் மாவைக் கூட்டிக் கெட்டியாகக் கலக்கலாகாது. அதுவே வயிற்றைக் கட்டும். ஆறு மாதத்திற்குப் பின் மசித்த காய், கனிந்த பழம், பருப்பு, கேழ்வரகுக் கூழ், இடையிடையே சிறிது கொதித்தாறிய நீர் என்று படிப்படியாகப் பழக்கலாம். குழந்தையை மல்லாத்திப் படுக்கவைத்து, கால்களை மிதிவண்டி மிதிப்பது போல மெல்ல மடக்கி நீட்டுவதும், தொப்புளைச் சுற்றி வலமாகத் தடவிவிடுவதும் தீங்கற்றவை.

பாட்டி வைத்தியம்: கொள்ளத் தக்கதும் தள்ளத் தக்கதும்

நம் பெரியோரின் வைத்தியத்தை இகழ்வது என் நோக்கமன்று. திருநெல்வேலிச் சீமையின் செம்மண்ணில் விளையும் நிலவாகை, தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து கப்பலேறி, ‘திருநெல்வேலி சென்னா’ என்ற பெயரோடு ஆங்கிலேயரின் மருந்து நூலிலேயே இடம் பெற்றது. இன்றும் உலக முழுவதும் மலச்சிக்கலுக்கு வழங்கும் மருந்து அது. தெலுங்கர் அதை ‘நேல தங்கேடு’ என்றும், ‘சுனாமுகி’ என்றும் கூறுவர். ஆயினும் அது குடலைத் தூண்டி வேலை வாங்கும் சரக்கு. வயதும் அளவும் அறிந்து மருத்துவர் கொடுக்க வேண்டியது. கடுக்காய்க்கும் அதே விதி பொருந்தும். நாமே இடித்துக் குழந்தைக்குப் புகட்டலாகாது.

முற்றிலும் விட்டுவிட வேண்டியவை இவை:

விளக்கெண்ணெய். இது குடலை வலிந்து முறுக்கிக் கடுப்பையும் நீர் இழப்பையும் உண்டாக்கும். அழும் குழந்தைக்கு எந்த எண்ணெயைப் புகட்டினாலும் அது மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலைக் கெடுக்கக்கூடும். பாலாடையில் வைத்துச் சிசுவுக்கு ஊற்றுவது இன்னும் அபாயம்.

வெற்றிலைக் காம்பும் சோப்புத் துண்டும். இவற்றை ஆசனவாயில் வைப்பது நம்மவரிடையே பரவலான வழக்கம். மென்மையான சதை புண்படும். சோப்பு எரிச்சல் தரும். வலியினால் தொடங்கிய நோயை வலியினாலேயே வளர்ப்பதாக முடியும்.

உரை மருந்து. வசம்பு, மாசிக்காய், ஜாதிக்காய் முதலியவற்றைக் கல்லில் உரைத்துச் சிசுவின் நாவில் தடவும் வழக்கத்தைக் குழந்தை மருத்துவர்கள் ஏற்பதில்லை. அளவு தெரியாத சரக்கும், கல்லிலும் கையிலும் உள்ள கிருமியும் ஒன்றாக உள்ளே போகின்றன.

தேன். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஒரு துளியும் ஆகாது. அதில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமிவித்து, சிசுவின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கி, உடலைத் தளரச் செய்யும். அந்நோயின் முதற்குறியே பெரும்பாலும் மலச்சிக்கல்தான் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

பெரியோருக்கான பேதி மாத்திரை, வீட்டிலேயே கொடுக்கும் எனிமா, மருந்துக்கடையில் வாய்ச்சொல்லால் வாங்கும் மருந்து ஆகியவையும் இந்த வரிசையில் சேரும்.

மருந்தைப் பற்றிய வீண் அச்சம்

என் மகனுக்கு டாக்டர் கொடுத்தது, பாலியெத்திலீன் கிளைக்கால் என்ற, நீரில் கரையும் தூள். அது குடலைத் தூண்டுவதில்லை. குடலில் நீரைத் தங்கவைத்து மலத்தை இளக்குகிறது. இந்தியக் குழந்தை மருத்துவ அறிஞர்கள் 2018இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகளும் ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு இதையே முதல் மருந்தாகச் சொல்லுகின்றன. அதற்குக் குறைந்த வயதினருக்கு லாக்டுலோஸ் என்ற இனிப்புத் திரவம். முதலில் சில நாள் அதிக அளவில் கொடுத்து, உள்ளே இறுகியதை வெளியேற்ற வேண்டும். பிறகு குறைந்த அளவில் மாதக்கணக்கில் தொடர வேண்டும். அளவை எடை பார்த்து மருத்துவரே குறிப்பார்.

‘பழகிப்போகுமே’ என்று அஞ்சி, சற்றுக் குணமானதும் நிறுத்திவிடுவதே நாம் செய்யும் பெருந்தவறு. இந்த மருந்துகள் பழகிப் பிடித்துக்கொள்வதில்லை. விரிந்த மலக்குடல் சுருங்கிப் பழைய உணர்ச்சியைப் பெற மாதங்கள் ஆகும். எங்கள் வீட்டில் எட்டு மாதம் ஆயிற்று. நாலாம் மாதம், ‘இனிப் போதும்’ என்று நானே ஒரு முறை நிறுத்திப் பார்த்தேன். பத்தே நாளில் பழைய கதை திரும்பிற்று. சோளிங்கரிலிருந்து வந்திருந்த என் மாமியார்தான், ‘பாதிக் கிணறு தாண்டி என்ன பிரயோஜனம், மாப்பிள்ளை?’ என்று கேட்டு, மீண்டும் தொடங்கச் செய்தார்.

தாமதிக்கலாகாத அறிகுறிகள்

பிறந்த சிசு முதல் மலமாகிய கருமலத்தை 24 மணி நேரத்தில் கழிப்பது வழக்கம். 48 மணி கடந்தும் கழியாவிட்டால், பெருங்குடலின் கடைப்பகுதியில் நரம்பணுக்கள் இல்லாத பிறவிக் குறையாக இருக்கலாம். 1886இல் டென்மார்க் நாட்டு ஹிர்ஷ்பிரங் என்ற மருத்துவர் இதை விவரித்தமையால் அவர் பெயராலேயே அது வழங்குகிறது. அறுவைச் சிகிச்சையால் அதைச் சீராக்க முடியும், தாமதம்தான் ஆபத்து.

பச்சை நிற வாந்தி, வயிறு பெரிதாக உப்புதல், காய்ச்சல், எடை ஏறாமை, கால்களில் பலவீனம், பிறந்த முதல் மாதத்திலிருந்தே மலச்சிக்கல், கட்டைக் குரலோடு மந்தமாகக் கிடக்கும் சிசு, பால் உறிஞ்சும் வலிமை திடீரெனக் குறைதல், இரத்தம் மிகுதியாகப் போதல் ஆகிய எதைக் கண்டாலும் வீட்டு வைத்தியத்தை மூட்டைகட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும். நமக்குத் திருப்பதியில் ரூயா அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது. காட்பாடி வரை ரயிலேறினால் வேலூர் மிஷன் ஆஸ்பத்திரி இருக்கிறது. மொழிக்கு அஞ்சித் தயங்க வேண்டா. மலச்சிக்கலைத் தெலுங்கில் ‘மலபத்தகம்’ என்றும், வயிற்றுவலியைக் ‘கடுபு நொப்பி’ என்றும் சொல்லுவர். ‘விரேசனாலு’ என்றால் பேதி. நான் செய்த பிழையைப் பிறர் செய்யாதிருக்கவே இதை எழுதுகிறேன்.

பள்ளியும் நாமும்

சிகிச்சை தொடங்கிய வாரமே நான் பள்ளிக்குச் சென்று ஆசிரியையிடம் விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மாள் வருந்தி, ‘கையைத் தூக்கினால் போதும், கேட்காமலே போய் வரட்டும்’ என்றார். நாம் போய்ச் சொல்லாத வரையில் அவருக்கு எப்படித் தெரியும்? பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் இருக்கிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பெற்றோர் பார்த்துக் கேட்பதும் நம் உரிமையே. கட்டணத்தைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்கும் நாம் இதைக் கேட்பதில்லை.

இன்னொன்றும் செய்தோம். அன்றிரவே வீட்டில் பாட்டி வீட்டு விளையாட்டைப் போல ஒரு விளையாட்டு ஏற்படுத்தி, நான் ஆசிரியராகவும் அவன் மாணவனாகவும் இருந்து, ‘தொட்டிக்கிப் போவாலி, டீச்சர்’ என்று பத்து முறை சொல்லச் சொன்னேன். என் உச்சரிப்பைக் கேட்டு அவனே சிரித்தான். நெடுநாளுக்குப் பின் கேட்ட சிரிப்பு அது.

இப்போது அவனுக்கு எட்டு வயது. மருந்தை விட்டு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. தெலுங்கில் என் பிழைகளைத் திருத்துகிறான்.

வேற்று மொழி வழங்கும் ஊரில் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் சகோதர சகோதரிகளுக்கு என் வேண்டுகோள் ஒன்றுண்டு. சிலேட்டும் புத்தகமும் வாங்குமுன், தண்ணீர் வேண்டும், வயிறு வலிக்கிறது, வெளிக்குப் போக வேண்டும் என்ற மூன்று வாக்கியங்களை அந்த ஊர் மொழியில் குழந்தைக்குக் கற்றுக்கொடுங்கள். அகரம் பிறகு வரட்டும்.